இடியப்ப உரலும் என் வலது முழங்கையும்

கொக்குவிலில் வீட்டிலேயே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். விடிய மூன்றரைக்கு எழும்பினால்தான் ஏழு மணிக்கு நானூறு தேறும். போன மாரியில் ஒருநாள் கேத்திலைத் தூக்க, முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுள்ளென்று ஒரு நோ, கேத்தில் கையை விட்டு நழுவிவிட்டது. பிறகு துவாய் பிழிய, தேங்காய் துருவ, உரலை அமத்த, எல்லாவற்றுக்கும் அதே இடம்தான்.

மாமி சொன்னா என்று பரியாரியாரிடம் எண்ணெய் போட்டு உருவினேன். அன்றைக்குச் சுகம், அடுத்த விடியல் பழையபடி. பிறகு ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரண்டு மாதம் நோவே இல்லை, நானும் மாறிவிட்டது என்று பொங்கலுக்கு வந்த ஓடர் எல்லாம் எடுத்தேன், மாசியில் முன்னையதைவிட மோசமாகத் திரும்பி வந்தது. இப்படித் திரும்பலாம் என்று ஊசி போடும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

கடைசியில் ஃபிசியோதெரபி. அந்தப் பிள்ளை “நடுவிரலை நீட்டி வையுங்கோ அன்ரி” என்று சொல்லி மேலிருந்து அமத்தினா, உயிர் போய் வந்தது. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைநார் முழங்கையில் ஒட்டும் இடத்தில்தான் பிழையாம், பெயர் டென்னிஸ் எல்போ. ஊசிக் கதையைச் சொன்னேன். அவுஸ்திரேலியாவில் 165 பேரை வைத்துச் செய்து 2013இல் வந்த ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் பாதிக்கு மேல் நோ திரும்பியதாம், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தானாம்.

பயிற்சி பார்க்கச் சிரிப்பு வரும். முன்னங்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே விட்டு, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்க வேண்டும். மற்றக் கையால் தூக்கிவிட்டு, நோகிற கையால் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இறக்குவதுதான் மருந்து, தூக்குவது இல்லை. 15 தரம், மூன்று சுற்று. கொஞ்சம் நோகலாம், ஆனால் மறுநாள் காலையும் நோ நின்றால் பாரத்தைக் குறை என்றா. முதல் மூன்று கிழமை ஒன்றும் தெரியவில்லை, இரண்டு தரம் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். மூன்றாம் மாதம்தான் கேத்திலை யோசிக்காமல் தூக்கினேன்.

உரலின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கியதும் உதவியது. பாரம் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும்.

*

அக்கா, நான் சுன்னாகத்தில் மேசன் வேலை. எனக்கு முழங்கையின் உள்பக்கம் நோகிறது, இதே பயிற்சி செய்யலாமோ?

*

தம்பி, உள்பக்கம் என்றால் அது வேறு, கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள், அதற்கு உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து இறக்க வேண்டுமாம். விரல் விறைக்கிறதோ? விறைத்தால் போத்தலைத் தொடாதேயும், முதலில் டொக்டரிடம் காட்டும்.