ஓலைக்குடிசைக்குள்ளிருந்து யார் பேசுவது?

வேலந்தாவளத்தான்:
சென்ற ஞாயிறு, கேரள எல்லையில் பாலக்காட்டுப் பக்கமுள்ள கொழிஞ்சாம்பாறை வாசிப்புக் கூட்டத்தில், பூப்பெய்தியதற்கான தெரட்டிச் சீருக்காக ஓலைக்குடிசையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமி 'நான்' என்று பேசும் கவிதையை ஓர் இளைஞர் வாசித்தார். ஆணுக்கு இதை எழுத என்ன உரிமை என்று உடனே கேட்டார்கள். அந்தக் கேள்வியே பிழை என்பேன். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பெண்குரலில் பாடியதை ஏற்ற மொழி நம்முடையது. மலிவு விலை மாதவிடாய் நாப்கின் எந்திரம் செய்த கோவை அருணாசலம் முருகானந்தம் கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தம் நிரப்பித் தம் உடலில் கட்டிக்கொண்டுதான் நாப்கினைச் சோதித்தார். ஓர் ஆண் அறிய முயல்வது தவறென்றால் அவரையும் அல்லவா தடுத்திருக்க வேண்டும்?

நல்லேப்பிள்ளி வாசகி:
அண்ணா, ஆழ்வார்கள் பெண்குரலில் பாடியது தங்கள் ஏக்கத்தை. முருகானந்தமோ கருவி செய்தார். பெண்ணின் 'நான்' அவருக்குத் தேவைப்படவில்லை. நீங்கள் விட்டுவிட்ட மரபு ஒன்றும் உண்டு: தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் உலா இலக்கியத்தில், பெண்களின் ஏழு பருவங்களில் பெதும்பைக்கு 8 முதல் 11 வயது என்பது வழக்கமான கணக்கு, அந்தப் பிள்ளையையும் வீதியில் நிறுத்தித் தலைவனைக் கண்டு மயங்க வைத்தவர்கள் ஆண் புலவர்களே. பின்னாளில் பெண் கவிஞர்கள் சல்மாவும் குட்டி ரேவதியும் சுகிர்தராணியும் தங்கள் உடலைத் தாங்களே எழுதியபோது ஆபாசம் என்று வசவுதான் வந்தது.

அந்தக் கவிதையில் இரத்தம் செம்பருத்தியாக மலர்கிறது. எனக்கு நினைவிருப்பது தனியாக ஒதுக்கிய அலுமினியத் தட்டு, தினமும் திகட்டிய உளுந்தங்களி, தலைமாட்டில் வைத்த அரிவாள், எழுத முடியாமல் போன கணக்குப் பரீட்சை. 2018 செப்டம்பரில் சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது 10 முதல் 50 வயதுப் பெண்களுக்குக் கோயிலில் தடை என்ற கணக்கைப் பற்றி எல்லைக்கு இருபுறமும் பேசாதவர் இல்லை. அந்தப் பத்து வயதுக்காரியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வேலந்தாவளத்தான்:
செம்பருத்தி மோசமான உவமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கஜா புயலன்று, பட்டுக்கோட்டைப் பக்கம் தனிக்குடிசையில் படுக்க வைக்கப்பட்ட சிறுமி தென்னை சாய்ந்து இறந்தாள். இது பெண்கள் விஷயம் என்று நாங்கள் ஒதுங்கிக்கொண்டால் குடிசை கட்டுகிறவனை யார் கேட்பது?

நல்லேப்பிள்ளி வாசகி:
கட்டுகிறவனே எழுதட்டும். நான் மறுப்பது அவள் வாயைக் கடன் வாங்குவதை மட்டுமே.

சித்தூர் தாய்மாமன்:
கட்டியவன் நான். பச்சை ஓலை முடைந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, "மாமா, கணக்கு நோட்டை எடுத்துத் தாங்க" என்று உள்ளிருந்து மருமகள் கேட்டாள். தொடக்கூடாது என்றார்கள். திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.