சுனாமிக்கு வினையோ காரணம்? மார்கழி 26 பேச்சால துவங்கின விவாதம்

முல்லைக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். இந்தமுறை மார்கழி (டிசம்பர்) 26 சுனாமி நினைவுநாளில எங்கட பக்கம் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, அண்டைக்குக் கடல் வந்தது சனத்தின்ர பழவினை, அனுபவிச்சுத்தான் தீரவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். படத்துக்கு மாலை போட்டு, கையில கற்பூரத் தட்டோட முன்வரிசையில நிண்ட தாய்மாரைப் பாத்துக்கொண்டுதான் சொன்னவர். எனக்கு நெஞ்சு கொதிச்சுது. 2004ல சுமாத்திராவுக்குக் கிட்ட கடலடியில பூமியின்ர மேலோட்டுத் தகடு ஒண்டு மற்றதுக்குக் கீழ சறுக்கினது, 9.1 அளவில பூமி அதிர்ந்தது, கடலடி நிலம் எழும்பித் தண்ணியைத் தள்ளினது, ரெண்டு மணித்தியாலமளவில அது எங்கட கரைக்கு வந்தது. காரணம் இதுதான், முடிஞ்சுது. இதுக்குள்ள வினை எங்கயிருந்து வருகுது? சமயம் படிச்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான் ஐயா:
தம்பி, அந்தத் தாய்மாருக்கு முன்னால அப்பிடிக் கதைச்சது முறையே இல்லை, அவருக்காக நான் வக்காலத்து வாங்க வரேல்லை. ஆனா "காரணம் இதுதான், முடிஞ்சுது" எண்டீரே, அதைச் சும்மா விட ஏலாது. சைவ சித்தாந்தத்தில காரணம் மூண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13ம் நூற்றாண்டில மெய்கண்டார் 12 சூத்திரத்தில சிவஞானபோதம் செய்தவர், அதில முதல் சூத்திரமே உலகம் தோன்றி நிண்டு ஒடுங்கிறதால அதுக்கு ஒரு கர்த்தா வேணும் எண்டுதான் வாதிக்குது. கண்ணை மூடிக்கொண்டு நம்பு எண்டு சொல்லேல்லை, நியாயம் வைக்குது. கிரேக்கத்தில அரிஸ்டோட்டிலும் காரணத்தை நாலாப் பிரிச்சவர், அதில நாலாவது எதுக்காக எண்டது. பின்னால வந்த விஞ்ஞானம் அந்த நாலாவதைத் தன்ர வேலைக்கு வேண்டாம் எண்டு ஒதுக்கி வைச்சது, இல்லையெண்டு ஒருத்தரும் நிரூபிக்கேல்லை. தகடு சறுக்கினது எனக்கும் உடன்பாடு. அது மண்ணும் சக்கரமும் மட்டும்தான்.

கிளிநொச்சி பௌதிகம்:
ஐயா, மரியாதையோடதான் கேக்கிறன். நியாயம் வைக்கிறது நல்லது, ஆனா வைச்ச நியாயம் சரியோ பிழையோ எண்டு என்னண்டு பாக்கிறது? உயர்தரப் பெடியளுக்கு நான் எப்பவும் சொல்லுற கதை ஒண்டு இருக்கு. யுரேனஸ் கணக்குப் போட்ட பாதையில போகேல்லை, அப்ப வெளிய இன்னொரு கோள் இருந்து இழுக்குது எண்டு லு வெரியே எண்ட பிரெஞ்சுக்காரர் கணிச்சு எழுதினார், 1846ல பேர்லினில அவர் சொன்ன இடத்துக்குக் கிட்டவே நெப்டியூனைக் கண்டுபிடிச்சினம். அதே மனுசன் புதன்ர பாதையும் கொஞ்சம் பிசகுது எண்டு கண்டு, அதே முறையில சூரியனுக்குக் கிட்ட வல்கன் எண்டு ஒரு கோள் இருக்கவேணும் எண்டு 1859ல சொன்னவர். ஆக்கள் தேடித் தேடிப் பாத்தும் அப்பிடி ஒரு கோள் இல்லவே இல்லை, 1915ல ஐன்ஸ்டைன்ர சார்புக் கொள்கை வந்தாப் பிறகுதான் அந்தப் பிசகுக்கு விளக்கம் கிடைச்சது. ஒரே ஆள், ஒரே மாதிரி அனுமானம், ஒண்டு சரி, மற்றது பிழை. பிழையெண்டு காட்ட வழி இருந்தபடியாத்தான் எங்களுக்கு அது தெரியும். பொப்பர் எண்ட தத்துவவாதி 1934ல சொன்னதும் இதுதான், பிழைச்சுப்போகக்கூடிய கூற்றுத்தான் விஞ்ஞானக் கூற்று. இப்ப நீங்கள் சொல்லுங்கோ, என்னத்தைக் கண்டா வினைக் கொள்கை பிழை எண்டு ஒத்துக்கொள்ளுவியள்? நல்லவன் வாழ்ந்தாலும் வினை, செத்தாலும் வினை எண்டா அது ஒண்டையும் விளக்கேல்லை.

ஒட்டுசுட்டான் ஐயா:
நல்ல கேள்வி மாஸ்டர். நான் ஒண்டு கேக்கிறன். பிழைச்சுப்போகக்கூடியதுதான் விஞ்ஞானம் எண்ட உங்கட விதியை எந்தப் பரிசோதனையில பிழையெண்டு காட்டலாம்? அது விஞ்ஞானம் இல்லை, தத்துவம். அடுத்தது ஹியூம் எண்ட ஸ்கொட்லாந்துத் தத்துவவாதி, உங்கட பக்கத்து ஆள், கடவுளுக்காக வாதாடினவர் இல்லை. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வாறதைத்தான் நாங்கள் காணுறம், "இதாலதான் அது" எண்ட பிணைப்பை ஒருத்தரும் கண்ணால கண்டதில்லை எண்டு 1748லயே எழுதிவிட்டார். நேற்று மாதிரி நாளைக்கும் இயற்கை நடக்கும் எண்டதுக்கும் அனுபவத்துக்கு வெளிய ஆதாரம் இல்லை. மெய்கண்டாரின்ர சீடர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில அளவை, அதாவது ஒண்டை அறியிற வழி, பத்து எண்டு எண்ணிப்போட்டு, எல்லாம் காண்டல் (நேர காணுறது), கருதல் (ஊகிக்கிறது), உரை (நம்பத்தக்க ஆள் சொல்லுறது) எண்ட மூண்டுக்குள்ள அடங்கும் எண்டவர். நீங்கள் அந்த 9.1ஐ அளந்து பாத்தனீங்களோ? அது உங்களுக்கு உரைதானே.

கிளிநொச்சி பௌதிகம்:
ஓம், எனக்கு உரைதான். ஆனா அந்த உரையை உலகம் முழுக்க இருந்த அதிர்வுமானியள் தனித்தனியாப் பதிஞ்சிருக்கு, ஐயமெண்டா ஆரும் அந்தத் தரவை எடுத்துத் திரும்பக் கணக்குப் பாக்கலாம். போன பிறப்பில ஆர் என்ன செய்தவை எண்டதை ஆர் எடுத்துப் பாக்கிறது? ஹியூம் சொன்னது உண்மை, ஆனா அவர்ர கத்தி தகட்டைப் பதம் பாத்தா கர்த்தாவையும் பதம் பாக்கும்.

மடுப்பக்கம்:
இடையில நானும் வாறன், நான் கத்தோலிக்கன். 1755 கார்த்திகை (நவம்பர்) 1, சகல புனிதர் திருநாள் காலமை, கோயிலெல்லாம் சனம் நிறைஞ்சிருக்க போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில பூமி அதிர்ந்து, நெருப்பும் பிடிச்சு, கடலும் ஏறினது. இது பாவத்துக்குத் தண்டனை எண்டு பிரசங்கம் வைச்ச குருமார் எங்கட பக்கத்திலயும் இருந்தவை. இஞ்சயும் பாருங்கோ, நத்தாருக்கு அடுத்தநாள், ஞாயிற்றுக்கிழமை, பறுவம். சமயம் பாத்தே அலை வந்தது? பைபிளில யோபு எண்ட நல்ல மனுசன் எல்லாத்தையும் இழந்து தவிக்கேக்க அவர்ர கூட்டாளியள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் எண்டு அடிச்சுச் சொல்லுவினம். கடைசியில கடவுள் கோவிக்கிறது யோபுவோட இல்லை, அந்தக் கூட்டாளியளோட, நீங்கள் என்னைப்பற்றிச் சரியாப் பேசேல்லை எண்டு. அந்த மேடைக்காரருக்கு எங்கட வேதத்திலயும் இடமில்லை.

வட்டுவாகல் அக்கா:
எல்லாத்தையும் வாசிச்சன். எனக்கு உங்களளவு படிப்பில்லை, ஆனா அண்டைக்குக் கரையில நிண்டனான். முதல் அலை அடிச்சுப்போட்டு கடல் உள்ளுக்க இழுபட்டது, சனம் ஆறிட்டுது எண்டு நினைச்சு, விட்ட பிள்ளையைத் தேடவும், அலுமாரிக்குள்ள இருந்த காசையும் நகையையும் எடுக்கவும் திரும்பி இறங்கினது, அந்த நேரம்தான் மற்றது பனைமட்டுக்கு வந்தது. சுனாமி எண்டா ஒரு அலையோட நிக்காது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. பசிபிக் பக்கம் 1949ல இருந்தே எச்சரிக்கை நிலையம் இருக்காம், இந்து சமுத்திரத்துக்கு எண்டு ஒண்டு வந்தது நாங்கள் செத்தாப் பிறகு. ரெண்டு மணித்தியாலம் இருந்ததே. ஒரு ரேடியோ அறிவிப்புப் போதும், நடந்துபோயே தப்பியிருக்கலாம். தகடு எண்டாலும் ஒருத்தரும் பொறுப்பில்லை, வினை எண்டாலும் செத்தவைதான் பொறுப்பு. பால்குடியள் என்ன வினை செய்தது ஐயா?

மடுப்பக்கம்:
அக்கா, லிஸ்பனை வைச்சு வோல்தேர் எண்ட பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு கவிதை எழுத, ரூசோ எண்ட தத்துவவாதி 1756ல அவருக்குப் போட்ட கடிதத்தில கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னவர். ஆறேழு மாடியில இருபதினாயிரம் வீட்டை அங்க நெருக்கிக் கட்டினது இயற்கை இல்லை எண்டு.

ஒட்டுசுட்டான் ஐயா:
பிள்ளை, நீர் கேட்டதுக்கு முற்பிறப்பு எண்டு நான் ஒரு தாய்க்கு முன்னால சொல்லமாட்டன். சித்தாந்தத்தில சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கிற பழவினை), பிராரத்தம் (அதில இப்ப அனுபவிக்கிற பங்கு) மட்டுமில்லை, ஆகாமியமும் இருக்கு, இண்டைக்குச் செய்யிறதும் செய்யாம விடுறதும் வினைதான். எச்சரிக்கை குடுக்காம விட்டவை அந்தக் கணக்கில தப்ப ஏலாது. வினை எண்டது ஒருத்தன் தன்னைப் பாத்துக் கேக்கிற கேள்வி, மற்றவன்ர இழவு வீட்டில போய்ச் சொல்லுற தீர்ப்பு இல்லை. கர்த்தா உண்டு எண்ட வாதத்தை நான் இன்னும் விடேல்லை, மாஸ்டர்.

கிளிநொச்சி பௌதிகம்:
விடவேண்டாம் ஐயா. ஆனா ஆகாமியம் எண்டு நீங்கள் சொன்ன பங்கை ஆதாரம் வைச்சு விசாரிக்கலாம், ஆருக்கு எத்தினை மணிக்குத் தெரியும், ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கலாம். முற்பிறப்பை அப்பிடிக் கேக்க ஏலாது. எனக்கு வித்தியாசம் அங்கதான் இருக்கு.

வட்டுவாகல் அக்கா:
அதைக் கேளுங்கோ ரெண்டுபேரும். வாற மார்கழிக்கு மைக்கை உங்களில ஒராள் பிடிச்சா நான் முன்வரிசையில வந்து நிப்பன்.