மறு: மூளையின் 'ரிவார்டு சிஸ்டம்' – வெகுமதியா, பேறா?

> வெகுமதி வடசொல். 'பேறு' சுருக்கமாகவும் இருக்கிறது. பேற்று மண்டலம் என்று வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம்.

நல்லது ஒன்றை நாடவும், கிடைத்தால் அனுபவிக்கவும் வைக்கும் மூளைப் பகுதிகளைத்தான் ரிவார்டு சிஸ்டம் என்கிறார்கள். அதற்குப் பேறு எனக்கும் பிடித்த சொல்தான். யார் கொடுத்தது என்ற கேள்வி எழாது, கிடைத்தது எதுவானாலும் பேறு. ஆனால் உணவைப் பற்றிய கட்டுரையில் 'பேற்று மண்டலம்' என்று போட்டால் பாதிப் பேர் பிரசவ வார்டு என்றுதான் படிப்பார்கள். மகப்பேறும் பேறுகாலமும் அந்தச் சொல்லை எப்போதோ வளைத்துப்போட்டுவிட்டன.

வடசொல் என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை (மண்டலம் மட்டும் என்னவாம்?). என்னைக் கேட்டால், பொதுப்பெயர் எதுவானாலும் சமாளித்துவிடலாம். அதற்குள் நடக்கும் இரண்டு வேலைகளுக்குத் தமிழில் தனித்தனிச் சொல் இல்லாததுதான் தொல்லை. அதனால்தான் மூளை நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் 'மகிழ்ச்சி ஹார்மோன்' ஆகி, லட்டு தின்றால் சுரக்கும் இன்பம் என்று ஓயாமல் செய்தி வந்துகொண்டிருக்கிறது.

1954இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்முனை பொருத்தினார்கள். எலி நெம்புகோலை அழுத்தினால் மூளைக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்கும். தீனி கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆனாலும் விடாமல் அழுத்தியது. உடனே 'இன்ப மையம்' கண்டுபிடித்தாயிற்று என்ற பேச்சு பரவியது. எலி சுகம் கண்டு அழுத்தியதா, அல்லது இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற உந்துதலில் அழுத்தியதா? அழுத்துவதை எண்ணிக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது.

விடைக்கு எலியின் முகத்தைப் பார்த்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். எலியின் வாயில் சர்க்கரைக் கரைசல் விட்டால் நாக்கை நீட்டி நீட்டிச் சப்புக்கொட்டும், முன்னங்காலை நக்கும். கசக்கும் குயினைன் விட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். பிறந்த குழந்தைக்கு இனிப்பும் கசப்பும் கொடுத்தாலும் ஏறக்குறைய இதே கூத்துதான். சரி, மூளையில் டோபமைனை அநேகமாக முழுதும் அழித்துவிட்டால்? அந்த எலி எதிரே தீனி இருந்தாலும் தொடாது. புகட்டாவிட்டால் பட்டினியால் செத்துப்போகும். ஆனால் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டதும் பழையபடி சப்புக்கொட்டியது! வேண்டும் என்பது போய்விட்டது, நன்றாயிருக்கிறது என்பது மிச்சமிருந்தது.

பின்னர் வந்த சோதனைகளும் இதற்கு ஒத்துவந்தன. இந்த மண்டலத்தைச் சேர்ந்த நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற மூளைப் பகுதிக்குள் எலியில் ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள ஓர் இடம் உண்டு. அங்கே ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும்) வகைப் பொருளைத் துளியளவு செலுத்தினால் சப்புக்கொட்டல் கூடுகிறது. அக்கம்பென்ஸில் டோபமைனைத் தூண்டிவிட்டாலோ தேடலும் முயற்சியும் கூடுகின்றனவே தவிர, சப்புக்கொட்டல் கூடுவதில்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளிடம் பார்த்ததும் நினைவுக்கு வருகிறது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது துடித்த டோபமைன் நரம்பணுக்கள், பழகியபின் சாறு வரப்போகிறது என்ற அடையாளத்துக்கே துடித்தன. அடையாளம் வந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு குறைந்தது. தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் கால் வாசலுக்குப் போகிறதே, அந்த நேரம் டோபமைனுடையது.

ஆகவே என் முன்மொழிவு: வேண்டும் என்பதற்கு வேட்கை, நன்றாயிருக்கிறது என்பதற்குத் துய்ப்பு. அந்த ஒரு கன மில்லிமீட்டர் இடத்துக்குத் துய்ப்பு முனை. பொதுப்பெயராக வெகுமதி மண்டலமே இருந்துவிட்டுப் போகட்டும்.

—

அண்ணா, வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்றுதான் படித்தோம். மண்டலம் என்றால் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பதிவில் இரண்டையும் போடுங்கள்.

வேட்கை காதல் கவிதை போல இருக்கிறதே? துய்ப்பும் பண்டிதச் சொல். ரசிப்பு என்றால் எவருக்கும் விளங்குமே.

இன்னொன்று. ஒரே உணவைத் தின்னத் தின்ன அதன் சுவை மட்டும் சலித்து, வேறு உணவில் விருப்பம் குறையாமல் இருப்பதை பார்பரா ரோல்ஸ் 1980களில் ஆராய்ந்திருக்கிறார். அதற்கு யாரோ 'புலன்சார் நிறைவு' என்று எழுதியிருந்தார்கள். நம்மிடம் திகட்டல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

—

தங்கச்சி, திகட்டலுக்கு இரண்டு கையும் தூக்குகிறேன். அல்வா நாலு வாய்க்கு மேல் இறங்காது, ஆனால் அப்போதே ஒரு கை மிக்சர் இறங்கும். வயிறு நிறைந்தது வேறு, திகட்டியது வேறு என்பது இந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

ரசிப்புக்கு நான் தயங்குவது, பாட்டையும் படத்தையும் ரசிக்கிறோம் என்பதால். எலி நாக்கை நீட்டுவது அவ்வளவு தூரம் போகாத, நினைப்பு கலக்காத வேலை. வேட்கையில் காதல் வாடை இருப்பது உண்மைதான். ஆனால் தாகத்தையும் நீர்வேட்கை என்கிறோம், அது உடம்பின் சொல்லும்தான். ஆசை என்றால் வீடு வாங்கும் ஆசைவரை போய்விடும்.

அப்புறம், பசியே இல்லாமல் சுவைக்காக மட்டும் வருகிற பசிக்குச் சுவைப்பசி என்று எழுதி வைத்திருக்கிறேன். வேட்கை, துய்ப்பு, திகட்டல், சுவைப்பசி நான்கையும் நம் குழுமத்தின் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன், தொகுதியும் மண்டலமும் சேர்த்து. 'துய்ப்பு முனை' மட்டும் எனக்கே இன்னும் ஒட்டவில்லை, மின்முனையோடு குழம்பும். வேறு யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.