விரலை நீட்ட விடாதே என்றார்

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு மூன்றாவது மாதம். சி6 காயம், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்தில். மணிக்கட்டை மேலே தூக்க முடியும், விரல்களை அசைக்க முடியாது. வார்டுக்குப் புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட் தினமும் காலையில் என் மணிக்கட்டை மேலே வளைத்து, அதோடு விரல்களையும் நேராக நீட்டிவிடுவார். விரல்கள் மடங்கியே இறுகிவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

எனக்கு வந்த அதே காயத்தோடு பன்னிரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் எங்களைப் பார்க்க வருவார். அன்று சற்று நேரம் கவனித்துவிட்டு, "தம்பி, விரலை அப்படி நீட்ட விடாதே" என்றார். பக்கத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் டம்ளர் இருந்தது. மணிக்கட்டைத் தொங்கவிட்டபடி கையை அதனருகே கொண்டுபோனார், விரல்கள் விரிந்துகொடுத்தன. மணிக்கட்டைத் தூக்கினார். செயலற்ற அதே விரல்கள் தாமாகச் சுருண்டு டம்ளரைப் பற்றிக்கொண்டன! டெனோடெசிஸ் பிடி என்பது இதன் பெயர். விரலை மடக்கும் தசைநார்கள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் இது நடக்கும். மணிக்கட்டையும் விரலையும் சேர்த்தே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நார் தளர்ந்து, பிடி போய்விடும். மணிக்கட்டு மேலே போகும்போது விரல் மடங்கியிருக்க வேண்டும்.

பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அன்று அதைக் கவனித்தவர் அவர். பிசியோதெரபிஸ்டும் உடனே ஏற்றுக்கொண்டார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. என் ஆதங்கம் வேறு. எங்களுக்கு என்ன பயிற்சி என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு அந்த மனிதரை யாரும் கூப்பிட்டதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, மறுவாழ்வைப் பற்றிய 26ஆவது பிரிவிலேயே சக மாற்றுத்திறனாளிகளின் துணையைச் சேர்த்திருக்கிறது. விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதை அதில் சேர்க்க முடியாது.

*

நான் மறுவாழ்வு மருத்துவர். மேலே எழுதியவரின் ஆதங்கம் நியாயமானது.

பக்கவாதம் வந்த ஒரு அம்மா. நடை வேகம் கூடிவிட்டது என்று எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. அப்புறம், "உங்களுக்கு முக்கியமான வேலைக்கு நீங்களே பத்துக்கு மதிப்பெண் போடுங்கள்" என்றேன். இரண்டு போட்டார். ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் கழிவறைக்குப் போய்வர வேண்டுமாம். நாங்களோ பகல் வெளிச்சத்தில், வழவழப்பான தரையில் நடக்கவைத்துக்கொண்டிருந்தோம். மறுநாளே தாழ்வான கட்டிலிலிருந்து மங்கலான வெளிச்சத்தில் எழுந்து திரும்பும் பயிற்சிக்கு மாறினோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

*

எனக்கும் தண்டுவடத்தில்தான் காயம், மார்புக்கு மேலே. ஒருமுறை வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் இருந்தபோது திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை. தலைவலி மாத்திரை எடுத்து வந்தார்கள். "முதலில் என்னை நிமிர்த்தி உட்காரவையுங்கள், சிறுநீர்க் குழாயைப் பாருங்கள்" என்று கெஞ்சினேன். குழாய் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. சிறுநீர்ப்பை நிரம்பினால் எங்களைப் போன்றவர்களுக்கு ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். குழாயை நேராக்கியதும் கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது.

அந்த வார்டின் தலைமைச் செவிலியர் மறுநாள் என்னிடம் வந்து, "இதை எங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டார். புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு அந்த வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன்.