அத்திக்காயை அறுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பொள்ளாச்சிக்காரன்

பூச்சி, செடி, நுண்ணுயிர் என்று எதையாவது நாள்கணக்கில் உட்கார்ந்து கவனித்தவர்கள் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். என்னுடையதைச் சொல்லித் தொடங்கி வைக்கிறேன்.

முதுகலை படித்தபோது ஆழியாற்றங்கரையில் நின்ற ஒரே ஒரு அத்திமரம்தான் என் ஆய்வுக்களம். வால்பாறை ஏறி மழைக்காட்டுக்குள் போகப்போகிறோம் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். பேராசிரியரோ சாலையோர மரத்தைக் காட்டி, "இதை மூன்று மாதம் பார், போதும்" என்றார். மனம் ஒப்பவில்லை. ஆனாலும் போனேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடிமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காய்களில் பத்தைப் பறித்து, பிளேடால் வகுந்து, கைலென்சில் பார்த்து எழுதவேண்டும்.

நாம் அத்திக்காய் என்பது உண்மையில் காயே இல்லை. ஆயிரக்கணக்கான பூக்களை உள்ளே வைத்து மூடிய பை. பூ கண்ணில் படாததால்தான் 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். பூக்காமலே காய்க்கிறது என்று எண்ணி, பழந்தமிழில் இந்த மாதிரி மரத்துக்குக் கோளி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒரு காயின் நுனியைப் பார்த்தேன். அங்கே செதில்கள் அடுக்கி அடைத்த ஒரு சின்ன வாசல் இருக்கும். அந்தச் செதில்களின் இடுக்கில் கண்ணாடித்தாள் போல இரண்டு இறக்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உடம்பைக் காணோம். மெதுவாக வகுந்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்குமோ என்னவோ, கறுத்த ஒரு குளவி இறக்கை இல்லாமல் பூக்களின்மேல் நடந்துகொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கத்துப் பையிலிருந்து முன்காலால் மகரந்தத்தை எடுத்துப் பூவில் தடவுகிறது, அப்புறம் முட்டையிடும் ஊசியை இறக்குகிறது, அடுத்த பூவுக்கு நகர்கிறது. அன்றைக்கு வேறு எந்தக் காயையும் நான் அறுக்கவில்லை.

அது செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ் என்ற குளவி. நம் நாட்டு அத்திக்கு மகரந்தம் சேர்ப்பது அதுதான். உள்ளே நுழைந்த தாய்க்குளவி வெளியே வருவதே இல்லை. முட்டை விழுந்த பூ குளவியின் தொட்டிலாகும், விழாத பூ விதையாகும். சில வாரங்களில் இறக்கையில்லாத ஆண்கள் முதலில் வெளிவந்து, பெண்கள் இருக்கும் பூவைத் துளைத்துக் கூடும். பிறகு காயின் சுவரைக் குடைந்து வழி போடும். அந்த வழியாகப் பெண்கள் மகரந்தத்தோடு பறந்துபோகும். வெளியே அவற்றின் ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான், அதற்குள் வேறொரு அத்திமரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழியைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஆறு கோடி ஆண்டுக்கும் மேலாக மரமும் குளவியும் சேர்ந்தே மாறி வந்திருக்கின்றன. இந்தப் 'புழு' இல்லையென்றால் அத்தியில் ஒரு விதைகூடப் பிடிக்காது.

திருச்சி ஆசிரியை

தம்பி, அந்த இறக்கையை நானும் பார்த்திருக்கிறேன். படித்ததும் அந்தக் காய் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

எங்கள் பள்ளி வளாகத்து அத்தியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்துபார்த்தோம். முதல் முறை மூடி போட்ட பாட்டிலில் காயை வைத்துவிட்டோம், மூன்றாம் நாள் எல்லாம் பூசணம். அடுத்த தடவை பாட்டில் வாயில் பழைய வேட்டித்துணி கட்டினோம். மறுநாள் காலை துணியின் அடிப்பக்கம் முழுக்கக் குளவி.

வெள்ளைத்தாளில் பிரித்து வைத்தபோது ஒரே காயிலிருந்து நான்கு விதம் வந்திருந்தது. சிலவற்றுக்கு உடம்பைவிட நீளமாக வால் மாதிரி ஒன்று. பிள்ளைகளுக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்தது. இவைதான் மகரந்தம் சேர்ப்பவை என்று அவர்களே முடிவும் கட்டிவிட்டார்கள். உண்மை நேர்மாறு. அவை காய்க்குள் நுழைவதே இல்லை. வெளியே நின்றபடி அந்த ஊசியால் காயின் சுவரைத் துளைத்து உள்ளே முட்டையிடும். மகரந்தம் சேர்க்கும் வேலை அவற்றுக்குக் கிடையாது, உணவும் இடமும் மட்டும் எடுத்துக்கொள்ளும். தலைமுடியைவிட மெல்லிய ஊசி மரக்காயை எப்படித் துளைக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதையே ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள்: ஊசி முனையில் பற்கள் இருக்கின்றன, அந்தப் பற்களில் துத்தநாகம் ஏறியிருக்கிறது. பதிலைச் சொன்னதும் அவள் அந்தக் குளவியை மறுபடி லென்சில் வைத்துப் பார்த்தாள்.

குமரித் தோட்டம்

எங்கள் தோட்டத்து அத்தியில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. காய் பறிக்கக் கை வைத்தால் கடித்துத் தொங்கும், அதனால் பலரும் மருந்தடித்துக் கொன்றுவிடுகிறார்கள். நான் விட்டுவைத்தேன். டீச்சர் சொன்ன அந்த நீளவால் குளவி துளை போட வெகுநேரம் ஒரே இடத்தில் நிற்கவேண்டும் அல்லவா? முசுறு வந்து தூக்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே நுழைகிற குளவி சட்டென்று நுழைந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பிக்கிறது. எறும்பு நடமாடும் மரத்தில் விதை கூடுதலாகப் பிடிக்கும் என்று தென்னாப்பிரிக்காவில் 1988-லேயே எழுதியிருக்கிறார்கள். மருந்தடிக்கும் முன் ஒரு நாள் நின்று பாருங்கள்.

பெங்களூரு ஆய்வகம்

எல்லோரும் குளவியோடு நிறுத்திவிட்டீர்கள், அதனால் குளவிக்குள்ளே இருப்பதை நான் சொல்கிறேன்.

அத்திக்குளவியை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து வயிற்றைப் பிரித்தால், சில நேரம் வெள்ளை இழைகள் நெளிந்து வெளியே வரும். நூற்புழு. காய் விட்டுக் காய் போக அவற்றுக்குக் குளவிதான் வண்டி. பனாமாவில் ஆலன் ஹெர் இந்த நூற்புழுக்களைப் பல ஆண்டு கவனித்து 1993-ல் எழுதிய கட்டுரைதான் என்னை இந்தத் துறைக்கே இழுத்துவந்தது. ஒரு காய்க்குள் ஒரே தாய்க்குளவி நுழையும் அத்தி இனங்களில், நூற்புழு குளவியை அதிகம் கெடுப்பதில்லை. அந்தத் தாய்க்குப் பிள்ளை இல்லாமல் போனால் புழுவின் பிள்ளைகளுக்கும் வண்டி இல்லை. பல தாய்கள் நுழையும் இனங்களில் வேறொருத்தியின் பிள்ளைமேல் ஏறிப் போய்விடலாம். அங்கே புழு கொடியதாக இருந்தது. நோய் எப்போது சாதுவாகும், எப்போது முரடாகும் என்ற பெரிய கேள்விக்கு, ஒரு காய்க்குள் எத்தனை தாய் என்று எண்ணிப் பதில் தேடியிருக்கிறார்! இன்றைக்குப் படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அதற்கும் உள்ளே போனால் வோல்பேக்கியா என்ற பாக்டீரியா. இது தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். அத்திக்குளவிகளில் பல இனங்களில் இருக்கிறது.

ஓர் அத்திக்கு ஒரு குளவி என்று வெகுகாலம் பாடம் சொன்னார்கள். பனாமாவில் மரபணுவை வைத்துப் பார்த்து 2003-ல் வெளியிட்டபோது, ஆராய்ந்த அத்தி இனங்களில் குறைந்தது பாதியில், பார்வைக்கு ஒன்றே போலிருந்த குளவிகள் வெவ்வேறு இனங்களாக இருந்தன.

சிங்கப்பூர் தோட்டக்காரர்

இங்கே பாலத்து இடுக்கில், சுவர் வெடிப்பில் எல்லாம் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்ற அத்திவகை மரத்தின் கன்று முளைக்கும். பிடுங்குவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. இதே மரத்தை ஹவாயில் நட்டபோது முளைக்கிற விதை வரவில்லை, குளவி அங்கே இல்லை. காடு வளர்ப்புக்காக 1938-ல் குளவியைக் கொண்டுபோய் விட்ட பிறகு கட்டடமெல்லாம் கன்று. கன்றைப் பிடுங்கும்போது அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பொள்ளாச்சிக்காரன்

பெங்களூரு அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பழைய நோட்டை எடுத்தேன். முப்பதாம் நாள் வெளிவந்த குளவி ஒன்று லென்சுக்கு அடியில் நசுங்கிவிட்டது. பக்கத்தில் 'வெள்ளை இழை, குடலாக இருக்கலாம்' என்று எழுதிப் படமும் போட்டிருக்கிறேன். குடல் அப்படிச் சுருண்டு மூன்று நான்காக இருக்காது. மரம் இன்னும் நிற்கிறது, ஞாயிறு போகிறேன். என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.

பெங்களூரு ஆய்வகம்

குளவி வெளிவரத் தயாராக இருக்கும் காயைப் பறியுங்கள். லேசாக அமுங்கும், ஓட்டை இன்னும் விழுந்திருக்காது. காய்ந்த குளவியில் எதுவும் தெரியாது, அதனால் அன்றே பிரித்துவிடுங்கள். சொட்டுத் தண்ணீர், இரண்டு குண்டூசி, அடியில் கறுப்புத் தாள். நெளிந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.