புதுப்பிப்பு: மவுண்டன் சைக்கிளும் பெருவிரல் நோவும்

மணற்காட்டுப் பக்கம் மவுண்டன் சைக்கிள் ஓடினால் கைப் பெருவிரலின் அடி நோகிறது, சின்னிவிரல் விறைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பெரும்பாலும் சுகம்.

பலர் சொன்ன ஜெல் கையுறை எனக்குப் பெரிதாக உதவவில்லை. சீற்றின் முனை கீழே சாய்ந்திருந்ததால் உடம்பு முன்னுக்கு வழுகி, பாரமெல்லாம் உள்ளங்கையில் விழுந்திருக்கிறது. சின்னிவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தால் போகிறது. அங்கே அழுத்தம் கூடினால் விறைக்கும். சீற்றை மட்டமாக்கியதும் விறைப்பு நின்றது.

பெருவிரல் வேறு கதை. கியர் நெம்பு எட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டித்தான் தள்ள வேண்டும். அலன் சாவியால் தளர்த்தி, கைக்குக் கிட்டவாக நகர்த்தினேன். கியர் கேபிளையும் மாற்றினேன். கடற்கரை உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடந்தது, தள்ளத் தள்ளப் பெருவிரல்தான் பாவம். இப்போது லேசாகத் தட்டினாலே கியர் மாறுகிறது.

கைக்கு வரும் அதிர்வு குறைய ரயர் காற்றையும் கொஞ்சம் குறைத்தேன். கடை அண்ணை கல்லுமாதிரி அடித்துத்தான் தருவார்!

ஹாண்டில் கிறிப் (கைபிடி உறை) மாற்றவா என்று கேட்ட தம்பிக்கு: முதலில் சீற்றைப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. சைக்கிள் ஓடாத நாளிலும் விறைத்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.