மறு: ஜி-ஃபோர்ஸ்: 'எடைமடங்கு' சரிவருமா?

வணக்கம். ஜி-ஃபோர்ஸுக்கு, அதாவது உடம்பு உணரும் கனம் வழக்கமான எடையைப் போல எத்தனை மடங்கு என்பதற்கு, தமிழ்ச்சொல் தேடுகிறோம்; தரையில் நிற்கும்போது உணர்வது 1 ஜி.

> 'ஈர்ப்பு விசை' என்றே இருக்கட்டுமே, எல்லோருக்கும் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான். ஆனால் அதைப் புவியீர்ப்புக்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். 1983 செப்டம்பர் 26 அன்று பைக்கனூர் ஏவுதளத்தில் சோவியத்தின் சோயுஸ் ராக்கெட் தீப்பற்றியது. தப்பிப்பு ராக்கெட் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு மேலே போன ஐந்து விநாடி அளவுக்கு, உள்ளே இருந்த விண்வெளி வீரர்கள் தித்தோவும் ஸ்திரெக்கலோவும் 14 முதல் 17 ஜி வரை தாங்கினார்கள். அவர்களை அழுத்தியது முதுகுக்குக் கீழிருந்த இருக்கை. பூமி கூடுதலாக எதுவும் செய்யவில்லை.

'முடுக்க விசை' என்றால் விசையின் அலகான நியூட்டனில் அல்லவா சொல்ல வேண்டும்? வெறும் 'முடுக்கம்' என்றாலும் இடிக்கிறது. தரையில் சும்மா நிற்பவருக்கு வேகம் மாறவில்லை, ஆனாலும் 1 ஜி உண்டு. சுற்றுப்பாதையில் மிதப்பவரைப் பூமி இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது, அவர் உணர்வதோ சுழியம்.

ஆகவே 'எடைமடங்கு' என்கிறேன். 14 எடைமடங்கு என்றால் 70 கிலோ ஆளின் உடம்பு 980 கிலோ போலக் கனக்கும். தனி விளக்கம் வேண்டாம். 'எடையின்மை' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதோடு ஒட்டியும் போகும்.

திசையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. தலையிலிருந்து காலை நோக்கி 5 ஜி அளவு வந்தாலே, தனி உடையோ பயிற்சியோ இல்லாதவருக்கு மூளைக்கு ரத்தம் ஏறாமல் பார்வை மங்கி மயக்கம் வந்துவிடும். மார்பிலிருந்து முதுகுக்கு என்றால் அதைவிட நிறையவே தாங்கலாம்; மூச்சு இழுப்பதுதான் பாடு. விண்கலத்தில் மல்லாக்கப் படுக்கவைப்பது இதற்காகத்தான். எனவே 'தலை-கால் எடைமடங்கு', 'மார்பு-முதுகு எடைமடங்கு'.

ஆபத்தில் கலத்தை ராக்கெட்டிலிருந்து பிடுங்கிச் செல்லும் ஏற்பாட்டுக்கு 'தப்பிப்பு அமைப்பு' என்ற சொல் எனக்குச் சம்மதம். 'மீட்பு' வேண்டாம், அது கடலில் இறங்கிய கலத்தைத் தூக்கும் வேலைக்குத் தேவைப்படும்.

---

> ஆகவே 'எடைமடங்கு' என்கிறேன்.

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் உச்ச அளவு மட்டும் போதாதே? அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வளவு சடாரென்று ஏறுகிறது என்பதும் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் முக்கியம். அதற்கு என்ன சொல்வது?

---

'எடைமடங்கு ஏறுவீதம்'. கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அதுவரை சொற்பட்டியலில் இப்படியே சேர்த்துவைக்கிறேன்.